பெட்டி நம் கையை விட்டுப் போன பிறகு: பாதுகாப்பான கருவியும் மென்பொருளும் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணிப் பக்கம் கிடங்கு. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் கிளைகள். எல்லா இடத்திலும் இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கும் குளிர்பெட்டிகள். உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன கரண்டு சாயங்காலம்தான் வருகிறது. “சூடு ஏறுனா என் போனுக்குத் தகவல் வரணும் தம்பி. அவ்வளவுதான்” என்கிறார்.

அவ்வளவுதானா என்றால், ஒரு மாதிரிக்கு அவ்வளவுதான். ஒரு சென்சார், ஒரு வைஃபை போர்டு, ஒரு சர்வர், ஒரு செயலி. கல்லூரி முடித்த பையன் இரண்டு நாளில் ஓடவிட்டுக் காட்டிவிடுவான். அதையே பல கடைகளில் மாட்டி, ஐந்து வருடம் யாரும் உள்ளே நுழையாமல் ஓடவைப்பதுதான் தொழில். கப்பலூர் தொழிற்பேட்டையில் மோட்டாரைக் கண்காணிக்கும் கருவி செய்பவருக்கும், வடபழஞ்சியிலோ இலந்தைக்குளத்திலோ உட்கார்ந்து அதற்கு மென்பொருள் எழுதுபவருக்கும் இதே கதைதான். உதாரணத்துக்கு, மருந்துக் கடைக் குளிர்பெட்டியின் சூட்டைக் கண்காணிக்கும் இந்தக் கருவியையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். இனி ‘பெட்டி’ என்றால் இந்தக் கருவிதான்.

எல்லாப் படிக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. பெட்டி நம் மேஜையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து அது அந்நியர் கையில் இருப்பதாக நினைத்துச் செய்யுங்கள். அந்த ஒரு பெட்டி போனால், போவது அந்த ஒரு பெட்டியாக மட்டும் இருக்க வேண்டும்.

படி 1: நிரல் எழுதும் முன் ஒரு தாள்

சென்சார், போர்டு, கடையின் ரவுட்டர், சர்வர், முதலாளியின் போன் என்று வரிசையாகப் படம் வரையுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் “இந்த இடத்தில் யார் என்ன கெடுக்கலாம், கெடுத்தால் யாருக்கு லாபம்” என்று எழுதுங்கள். எல்லோரும் முதலில் எழுதுவது வெளிநாட்டு ஹேக்கரை. நான் முதலில் எழுதுவது, ராத்திரி குளிர்பெட்டிக் கதவைச் சரியாகச் சாத்தாமல் வீட்டுக்குப் போன பணியாளரை. காலையில் அந்தப் பதிவு இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்க அவருக்குத்தான் காரணம் இருக்கிறது.

அப்படி யோசித்தால்தான் எதைக் காக்க வேண்டும் என்பது பிடிபடும். இன்சுலின் 6 டிகிரியில் இருக்கிறது என்பது ரகசியமே இல்லை, ஊருக்கே தெரியலாம். 14-க்குப் போனதையோ, உறைந்துபோனதையோ 6 என்று காட்டினால்தான் ஆபத்து. உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்; உருகிய பிறகு பார்த்தால் அது உறைந்தது பெரும்பாலும் தெரியாது. ஆக, இந்த வேலையில் மறைப்பதைவிட மாறாமல் காப்பது பெரிது. வேறு தொழிலில் இது தலைகீழாகவும் இருக்கலாம். ஸ்கேன் சென்டருக்கு மென்பொருள் செய்தால் நோயாளியின் பெயரும் அறிக்கையும் வெளியே போகாமல் இருப்பதுதான் முதல் கவலை.

இதே தாளில் இன்னொரு முடிவையும் எடுத்துவிடுங்கள். “போனிலிருந்தே குளிரைக் கூட்டிக் குறைக்க முடியுமா?” என்று கேட்பார். முடியும். முதல் பதிப்பில் வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்க்க மட்டும் தெரிந்த பெட்டியை உடைத்தால் தவறான எண் வரும். இயக்கவும் தெரிந்த பெட்டியை உடைத்தால் கிடங்கில் இருக்கும் சரக்கே போய்விடும்.

படி 2: ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவி

2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் இணையத்தில் இருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கும் கொஞ்சம் மேல் அதனிடம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அந்த அக்டோபர் 21-ம் தேதி, இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டின் என்ற நிறுவனத்தின் மேல் அந்தக் கூட்டம் பாய்ந்ததில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் திறக்கவில்லை. கேமராவை வாங்கி மாட்டியவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

வாடிக்கையாளர் இப்படிக் கேட்பார்: “ஏன் தம்பி, எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டா வச்சா மாட்டுற பையனுக்குச் சுலபமா இருக்குமே?”

“அண்ணே, உசிலம்பட்டிப் பெட்டி ஒண்ணு காணாமப் போனா, அத்தனை கடைக்கும் ஆள் போய் மாத்தணும். அந்தச் செலவு யாரு தலையில?”

இந்தப் பதில் எந்தப் பாதுகாப்புப் பாடத்தையும்விட நன்றாக வேலை செய்யும். ஐரோப்பியத் தர அமைப்பான இடிஎஸ்ஐ-யின் இஎன் 303 645 தரத்தில் முதல் விதியே எல்லாக் கருவிக்கும் பொதுவான பாஸ்வேர்டு கூடாது என்பதுதான். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் வீட்டு உபயோகக் கருவிகளுக்கு அது சட்டம்.

செய்முறை இதுதான். பெட்டி மேஜையில் இருக்கும்போதே, சிப்புக்குள்ளேயே அதன் தனிச் சாவியை, அதாவது ஒரு நீண்ட ரகசிய எண்ணை, உருவாக்க வையுங்கள். அந்தச் சாவி வெளியே வரவே கூடாது. பெட்டி அனுப்பும் விண்ணப்பத்துக்கு உங்கள் சான்றிதழ்ச் சாவியால் கையெழுத்திட்டு, அதனால் கிடைக்கும் சான்றிதழை, அதாவது ‘இது நம் பெட்டிதான்’ என்று சர்வருக்குக் காட்டும் மின் அடையாள அட்டையை, பெட்டியில் ஏற்றுங்கள். பெட்டி எண், சான்றிதழ் எண், எந்தக் கடை, எந்தத் தேதி என்பதை ஒரு பதிவேட்டில் சேருங்கள். வைஃபையில் முதன்முதலாக இணைக்க ஒரு அமைப்புக் குறியீடு வேண்டும். அதைப் பெட்டிக்குப் பெட்டி வேறாக, யாரும் ஊகிக்க முடியாதபடி உருவாக்கி க்யூஆர் ஸ்டிக்கராக ஒட்டுங்கள். வைஃபை கருவி ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரியிலிருந்து கணக்குப் போட்டு அந்தக் குறியீட்டை உருவாக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேக் முகவரி காற்றிலேயே போகிறது. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து போனில் பார்க்கலாம்.

படி 3: ஸ்க்ரூடிரைவரோடு வருபவர்

இதை உங்கள் மேஜையிலேயே செய்து பாருங்கள். ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப் உள்ள போர்டு ஒன்றில் வழக்கம்போல நிரலை ஏற்றி, வைஃபையில் இணைத்து ஓடவிடுங்கள். அப்புறம் பெட்டியைத் திறந்து, யுஎஸ்பி சீரியல் கம்பியை மூன்று முனைகளில் தொடுங்கள்: அனுப்புவது, வாங்குவது, எர்த். பூஜ்ஜியம் எண் பின்னை எர்த்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரீசெட் அழுத்துங்கள். சிப் நிரல் ஏற்றும் நிலைக்குப் போய்விடும். சிப் கம்பெனியே இலவசமாகத் தரும் கருவியில் ஒரு கட்டளை கொடுத்தால், நான்கு மெகாபைட் நினைவகம் முழுவதும் சில நிமிடங்களில் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அந்தக் கோப்பில் கடையின் வைஃபை பெயரைத் தேடுங்கள். பக்கத்திலேயே பாஸ்வேர்டு, எந்தப் பூட்டும் இல்லாமல், எழுத்து எழுத்தாக இருக்கும். சர்வர் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தால் அதுவும் அங்கேதான்.

குழுவில் புதிதாகச் சேருபவர் யாராக இருந்தாலும் இதை ஒரு தடவை அவர் கையாலேயே செய்ய வையுங்கள்.

இதற்கு மூன்று பூட்டுகள் உண்டு. ஒன்று, செக்யூர் பூட். நீங்கள் கையெழுத்திட்ட நிரல் தவிர வேறெதையும் சிப் ஓட்டாது. இரண்டு, ஃபிளாஷ் என்கிரிப்ஷன். நினைவகத்தைச் சுரண்டி எடுத்தாலும் குப்பைதான் வரும். பூட்டும் சாவியைச் சிப்பே உருவாக்கித் தனக்குள் எரித்துக்கொள்ளும். மூன்று, ஜேடேக் போன்ற சோதனை வாசல்களை நிரந்தரமாக மூடுவது. மூன்றுமே இஃப்யூஸ் என்ற ஒருமுறை எரியும் பிட்டுகளில் நிற்கின்றன. எரித்தால் எரித்ததுதான், திரும்பாது. ஆகவே வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய போர்டுகளில் முதலில் பழகுங்கள். சோதனைக்காக நிரலை மறுபடி ஏற்ற விடும் வளர்ச்சி நிலையிலேயே விட்டுவிடாமல், வெளியே போகும் பெட்டிகளை வெளியீட்டு நிலைக்கு மாற்றியிருக்கிறீர்களா என்று ஒவ்வொரு பெட்டியிலும் சரிபாருங்கள்.

சிப் வாங்கும்போது பதிப்பு எண்ணைப் பாருங்கள். பழைய ஈஎஸ்பி32 சிப்புகளில் மின்னழுத்தத்தைச் சரியான நொடியில் குலைத்து இந்தப் பூட்டுகளைத் தாண்டலாம் என்று 2019-ல் ஆய்வாளர் ஒருவர் காட்டினார். பதிப்பு 3-ல் அதற்கான திருத்தம் வந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய சரக்கை வாங்கிவிட்டு, மேலே எத்தனை பூட்டுப் போட்டும் என்ன பயன்?

கையெழுத்திடும் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. அது தொலைந்தால் வெளியே இருக்கும் எந்தப் பெட்டிக்கும் இனி அப்டேட் அனுப்ப முடியாது. திருடு போனால் வேறொருவர் உங்கள் பெயரில் அனுப்புவார். யாருடைய லேப்டாப்பிலும் வேண்டாம். வன்பொருள் டோக்கனில், இரண்டு பிரதிகளாக, வேறு வேறு இடத்தில் வையுங்கள்.

படி 4: பெட்டியிலிருந்து சர்வர் வரை

எம்க்யூடிடி என்ற, சின்னக் கருவிகளுக்கான தகவல் பரிமாற்ற முறை வழியாக அனுப்புவதுதான் இந்த வேலைக்கு வசதி. 1883 என்ற போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) எல்லாம் திறந்தபடி போகும். 8883-ல், டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையின் பூட்டோடு போகும். இரண்டாவதை மட்டும் திறந்து வையுங்கள். எம்க்யூடிடி தகவலை வாங்கிப் பிரித்துத் தரும் மொஸ்கிட்டோ சர்வர், 2.0 பதிப்பிலிருந்து, நாம் தனியாக அமைக்காதவரை வெளியாரை விடாது. ‘கனெக்ட் ஆகவில்லை’ என்று தேடுபவருக்கு இணையத்தில் கிடைக்கும் முதல் பதில், முகமறியாதவரையும் உள்ளே விடு என்ற ஒரு வரி. அந்த வரியைச் சேர்த்ததும் வேலை செய்யும், எல்லோருக்கும். தகவல்கள் தலைப்புகளின் கீழ்தான் போகும்; எல்லாத் தலைப்பையும் குறிக்கும் ஒற்றை ஹேஷ் (#) குறியைப் போட்டுக் கேட்டால் அத்தனை கடைத் தகவலும் வந்து கொட்டும். ஒவ்வொரு பெட்டியும் தன் எண்ணுள்ள தலைப்பில் மட்டுமே எழுத முடிய வேண்டும். அடுத்த பெட்டியின் தலைப்பைப் படிக்கவே கூடாது.

பெட்டிப் பக்கம் இன்னொரு வரி உண்டு. மாதிரி நிரல்களில் சான்றிதழைச் சோதிக்காதே என்று சொல்லும் செட்இன்செக்யூர். அது பெரும்பாலும் எப்படி உள்ளே வருகிறது தெரியுமா? தனிக் கடிகாரம் இல்லாத போர்டு, கரண்டு வந்ததும் 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். சர்வர் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று மறுக்கும். அவசரத்தில் இருப்பவர் சோதனையையே எடுத்துவிடுவார். முதலில் இணையம் வழியே சரியான நேரம் தரும் என்டிபி மூலம் நேரத்தை வாங்கி, பிறகு இணைத்தால் போதும்.

சர்வரின் சான்றிதழ் உண்மையா என்று சோதிக்கப் பெட்டிக்குள் வைக்கும் மூலச் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30-ல் இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, புதியதை அறியாத எத்தனையோ பழைய கருவிகள் இணைய முடியாமல் நின்றன. ஐந்து வருடம் ஓட வேண்டிய பெட்டியில் மூலச் சான்றிதழை மாற்றும் வழி இல்லையென்றால் என்றைக்காவது ஒருநாள் எல்லாப் பெட்டியும் ஒன்றாக வாய் மூடும்.

நெட்வொர்க் போவது மதுரைக்குப் புதிதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் லட்சக்கணக்கானோர் நிற்கும்போது சிக்னல் இருந்தும் தகவல் நகராது. நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளைக்கு 1,440. ஒன்றுக்கு 16 பைட் என்றால் சுமார் 23 கிலோபைட். ஒரு மெகாபைட் ஒதுக்கினால் நாற்பது நாளுக்கு மேல் தாங்கும். சேர்த்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்புங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தொடர் எண் போடுங்கள். நடுவில் ஒன்று காணாமல் போனால் சர்வர் கேட்க வேண்டும். பெட்டி பத்து நிமிடம் பேசாவிட்டால் அதுவே ஒரு எச்சரிக்கை. பெட்டியை ஏமாற்ற ஆகச் சுலபமான வழி பிளக்கைப் பிடுங்குவது என்பதை மறக்க வேண்டாம். அதற்கு உள்ளே ஒரு சின்ன பேட்டரி வேண்டும்.

சென்சார் தருவதையும் அப்படியே நம்பக்கூடாது. டிஎஸ்18பி20 சென்சார் கரண்டு வந்த கணத்தில் 85 டிகிரி என்று சொல்லும். கம்பி அறுந்தால் வழக்கமான நிரல் நூலகம் மைனஸ் 127 என்று சொல்லும். இவற்றைப் பழுது என்று பதிவு செய்யுங்கள். சென்சார் முனையை, காற்றைப் போல உடனே சூடேறாத கிளைகால் திரவம் நிரப்பிய சின்னக் குப்பியில் வையுங்கள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் போன் கத்தினால் ஒரே வாரத்தில் அதை மியூட்டில் போட்டுவிடுவார்கள். அப்புறம் நிஜமான எச்சரிக்கையும் யார் காதிலும் விழாது.

படி 5: சர்வரிலும் செயலியிலும்

இங்கே பூட்டை உடைத்து நுழைவதைவிட, திறந்த கதவு வழியாக நுழைவதுதான் அதிகம். வலைச் செயலிகளின் முக்கிய ஓட்டைகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடம் யாருக்கு எதைப் பார்க்க உரிமை என்ற சோதனையில் வரும் ஓட்டைக்குத்தான். முகவரியின் கடைசியில் 17 என்று இருக்கிறது; அதை 18 ஆக்கினால் அடுத்த வாடிக்கையாளரின் பெட்டி தெரிகிறது. உள்ளே நுழைந்தவர் யார் என்று பார்த்த நிரல், கேட்பது அவருடையதா என்று பார்க்கவில்லை. இரண்டு போலி வாடிக்கையாளர்களை உருவாக்கி, ஒருவரின் கணக்கிலிருந்து மற்றவரின் எல்லாவற்றையும் கேட்கும் தானியங்கிச் சோதனையை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மறுப்பு வந்தால்தான் புதிய பதிப்பு வெளியே போகலாம்.

முதலாளி, கிளைப் பொறுப்பாளர், மாட்டும் ஆள் என்று உரிமைகளைப் பிரியுங்கள். எச்சரிக்கை எல்லையை மாற்றினால் யார், எப்போது, எதிலிருந்து எதற்கு என்று பதிவாக வேண்டும். அந்தப் பதிவை முதலாளியாலும் அழிக்க முடியக்கூடாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை முதலாளியே ஒரே பட்டனில் நிறுத்தும் வசதி வேண்டும். உங்களுக்குப் போன் செய்து சொல்வார் என்று காத்திருந்தால் சொல்லவே மாட்டார்.

மற்றவை சுருக்கமாக. பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல், திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றும் ஆர்கான்2 போன்ற முறையில் மட்டும் சேமியுங்கள். ஆறு இலக்க ஓடிபி என்றால் பத்து லட்சம் வாய்ப்புதான். முயற்சிக்கு எல்லை வைக்காவிட்டால் ஒரு நிரல் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் சாவி ஏறிவிட்டால் அடுத்த கமிட்டில் (அடுத்த மாற்றப் பதிவில்) அழிப்பது போதாது, வரலாற்றில் இருக்கும், சாவியையே மாற்றுங்கள். பேக்கப் எடுப்பது பாதி வேலை, அதிலிருந்து மீட்டுப் பார்ப்பது மீதி.

அடுத்தவர் எழுதி, நாம் நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நூலகங்களுக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நூலகத்தின் ஓட்டை வெளியானபோது, சரிசெய்வதைவிட ‘அது நம்மிடம் இருக்கிறதா’ என்று தேடுவதிலேயே பல நிறுவனங்களுக்கு நேரம் போயிற்று. எஸ்பிஓஎம் என்ற பெயரில் இந்தப் பட்டியலைத் தானாகவே தயாரிக்கும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன.

படி 6: அப்டேட்

அப்டேட் அனுப்ப முடியாத கருவியை விற்காதீர்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

நினைவகத்தில் நிரலுக்கு இரண்டு இடம் ஒதுக்குங்கள். ஒன்றில் பழையது ஓடும்போதே மற்றதில் புதியது இறங்கும். கையெழுத்துச் சரியாக இருந்தால் அதில் தொடங்கும். சென்சாரைப் படிக்கவும் சர்வரைத் தொடவும் முடிந்த பிறகே ‘நான் நலம்’ என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் தானாகப் பழையதற்குத் திரும்ப வேண்டும். இறங்கும்போது பாதியில் கரண்டைப் பிடுங்கி, பலமுறை சோதியுங்கள். ஓட்டையுள்ள பழைய பதிப்பை யாரும் மறுபடி ஏற்ற முடியாதபடி பதிப்பு எண்ணையும் பூட்டுங்கள். முதலில் உங்கள் அலுவலகப் பெட்டி, அப்புறம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு கடை, ஒரு வாரம் கழித்து மற்றவை. சனிக்கிழமை மாலை எதையும் அனுப்ப வேண்டாம்.

படி 7: வாடிக்கையாளர் கடையில்

பெரும்பாலான கடைகளில் பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி, முதலாளி பையனின் போன் எல்லாம் ஒரே வைஃபையில்தான் இருக்கும். பாஸ்வேர்டு கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும். உங்கள் பெட்டியை ரவுட்டரின் விருந்தினர் நெட்வொர்க்கிலாவது தனியாகப் பிரித்து வையுங்கள். அது முடியாத இடத்தில் தனி சிம் போட்ட பெட்டியே நல்லது. பெட்டி வெளியே பேசலாம். வெளியிலிருந்து யாரும் பெட்டியைக் கூப்பிடக் கூடாது. ஆகவே ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எதற்கும் வேண்டாம்.

அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013 கடைசியில் சுமார் நான்கு கோடி கார்டு விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் நுழைந்தது அங்கே குளிரூட்டும் வேலை செய்த ஒப்பந்தக்காரரிடமிருந்து திருடிய கணக்கின் மூலம். நம் கதையில் அந்த ஒப்பந்தக்காரர் நாம்தான். வாடிக்கையாளரின் கம்ப்யூட்டருக்குத் தொலைவிலிருந்து நுழையும் மென்பொருளை வேலைக்குப் போட்டுவிட்டு, அப்படியே விட்டு வராதீர்கள்.

படி 8: ஏதாவது நடந்தால்

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைத் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இணையக் கருவிகள் மீதான தாக்குதலும் அந்தப் பட்டியலில் உண்டு. பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரம் என்பது யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பதிலேயே போய்விடும். ஆகவே ஒரு பக்கத் தாளில் எழுதி வையுங்கள்: யார் சர்வரை நிறுத்தலாம், யார் சான்றிதழை ரத்து செய்வது, வாடிக்கையாளரிடம் யார் பேசுவது, அறிவிப்பை யார் அனுப்புவது. பணியாளர்களின் போன் எண்கள் உங்கள் சர்வரில் இருப்பதால் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பாருங்கள். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஓட்டை கண்டுபிடிப்பவர் எழுத ஒரு மின்னஞ்சல் முகவரியைப் பெட்டியின் ஸ்டிக்கரிலேயே போடுங்கள். எழுதுபவரை மிரட்டாமல் நன்றி சொல்லிப் பதில் போடுங்கள். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் எண்ணம் இருந்தால், அங்கே 2024-ல் வந்த இணையத் தாங்குதிறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வருகின்றன. இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதியை அது கட்டாயமாகவே கேட்கிறது.

படி 9: விலைப்பட்டியலில் எழுத வேண்டியவை

பெட்டிக்கு ஒரு விலை, வருடாந்திரப் பராமரிப்புக்கு ஒரு விலை என்று பிரித்து எழுதுங்கள். “சும்மா ஓடிட்டிருக்கிற பெட்டிக்கு எதுக்கு வருஷா வருஷம் காசு?” என்ற கேள்வி நிச்சயம் வரும். சர்வர் வாடகை, அப்டேட், சிம், எச்சரிக்கை வராத நாளிலும் யாரோ ஒருவர் பதிவுகளைப் பார்ப்பது எல்லாம் அதில்தான் அடங்கும் என்று வரி வரியாகக் காட்டுங்கள். எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். அதற்குப் பணம் வாங்காமல் ஒப்புக்கொண்டால் மூன்றாவது வருடம் நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

கிளையை மூடினாலோ பெட்டி பழுதாகித் திரும்பி வந்தாலோ, அன்றே சர்வரில் அதன் சான்றிதழை ரத்து செய்யுங்கள், உள்ளே இருக்கும் வைஃபை விவரத்தை அழியுங்கள், சிம்மை நிறுத்துங்கள், படி 2-ல் தொடங்கிய பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகத் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பெட்டி கைக்கே வராமல் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால், ரத்து செய்வது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். அதைச் செய்ய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாதபடி இப்போதே சர்வரில் பட்டன் வைத்துவிடுங்கள்.